சத்தம் போடும் சக்கரத்தின் பின்னே, மஞ்சனபெலெ வரை

2006 ஜனவரி 26, காலை ஆறு மணி. நீலசந்திராவில் எங்கள் சந்துக்குள் டெம்போ நுழையாது. முனையிலிருக்கும் பால் கடை முன்னால் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார் அந்தோணி அண்ணன். என் தோழி ஸ்டெல்லாவின் அண்ணன் அவர். காய்கறி ஏற்றுகிற வண்டி என்பதால் முந்தின நாள் முட்டைக்கோஸ் வாசம் இன்னும் போகவில்லை. ஸ்டெல்லா ஓட்டப்போகும் சைக்கிளைப் பின்னால் ஏற்கெனவே கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் என் சைக்கிளை அப்பாவே தோளில் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டு, ரகசியமாகப் பரிசு கொடுத்தவரைப் போல ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளித்தான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் போன இடம் சாவனதுர்கா. மாகடி ரோட்டில் போய் தாவரேகெரே தாண்டி இடதுபக்கம் திரும்பவேண்டும். ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலை. எல்லோரும் அந்தப் பாறையில் ஏறத்தான் போவார்கள். நாங்கள் போனது, அடிவாரத்திலிருந்து காட்டோரமாக மஞ்சனபெலெ அணைக்கட்டுக்குப் போகும் சிறிய சாலைக்காக. பன்னிரண்டு கிலோமீட்டர், ஏறி இறங்கிப் போனாலும் மொத்தத்தில் இறக்கம். வண்டிகள் குறைவு. சத்தமும் குறைவு. எங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசி விஷயம்தான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லா என் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். அவளுக்கு வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும், பெரிய உருவங்கள் தெரியும். விளிம்பு தெரியாது. பஸ் வருவது தெரியும், என்ன நம்பர் என்று தெரியாது. பள்ளிக்கூட நாளில் சைக்கிள் ஓட்டியவள். பார்வை மங்க ஆரம்பித்ததும் வீட்டில் அந்தச் சைக்கிளை விற்றுவிட்டார்கள். மிச்சமிருக்கும் வெளிச்சமும் ஒருநாள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்போது என்று அவரும் சொல்லவில்லை.

“இருக்கறப்பவே ஒரு தடவை ஓட்டிடணும்டி செல்வி. கிரவுண்டுல இல்ல. ரோட்ல, எங்கயாவது போய்ச் சேர்ற மாதிரி” என்பாள்.

அவளுடைய அம்மா வாரக்கணக்கில் மறுத்தார். கடைசியில், அந்தோணி கூடப் போகவேண்டும், ஒரு தடவை விழுந்தாலும் இனிமேல் வீட்டில் சைக்கிள் என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று சொல்லிச் சம்மதித்தார்.

இப்போது என் சைக்கிளைப் பற்றி. கியர் வைத்த, பருமனான டயர் போட்ட மலைச் சைக்கிள். ஊர் திரும்பவிருந்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், என் சம்பளத்தில் வாங்கிய முதல் பெரிய பொருள் இது. அது என்னோடு சந்துக்குள் வரும்போது எல்லோரும் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. பார்க்காமல் இருக்கவும் முடியாது. அதன் பின் சக்கரத்தின் நடு உருளை, அதாவது ஹப், அப்படிக் கத்தும்.

மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் ஓடுகிறதல்லவா? அப்போது ஹப்புக்குள் ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்ன இரும்பு நாக்குகள் ஒரு பல்சக்கரத்தின் மேல் தட்டிக்கொண்டே போகும். சாதாரண சைக்கிளில் அது முணுமுணுப்பு. என்னுடையதில் ‘கிர்ர்ர்’ என்று சந்து முழுக்கக் கேட்கும். இது எல்லா மலைச் சைக்கிளுக்கும் உள்ள குணமா என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தேன். உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது! காட்டுக்குள் போவது அமைதிக்காக, ஹப் மௌனமாக இருக்கவேண்டும் என்று ஒரு கட்சி. சத்தம் இருந்தால்தான் வழியில் நடப்பவர்கள் ஒதுங்குவார்கள், பெல்லே வேண்டாம் என்று இன்னொரு கட்சி. எங்கள் தெருவில் ஒரே கட்சிதான். “என்னம்மா, சைக்கிள்ல தையல் மிஷின் வெச்சிருக்கியா? ஒரு பிளவுஸ் தெச்சுக் குடு” என்று, தெருவுக்கே சித்தியான எதிர்வீட்டு பேகம் காலா கேட்பார்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு உபயோகம் இருப்பதைக் கண்டுபிடித்தவள் ஸ்டெல்லா. ஆஸ்டின் டவுன் மைதானத்தில் ஒருநாள் நான் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் சொல்லிக்கொண்டே வந்தாள். “இப்ப திரும்பினே. இப்ப வேகம் எடுத்தே. இப்ப பிரேக் போட்டே.” ஒன்றுகூடத் தப்பில்லை. அன்றைக்கே ஒரு சைக்கிளை இரவல் வாங்கி என் பின்னால் வரவைத்தேன். நான் இரண்டு மிதி மிதித்து, நிறுத்தி, ஹப்பைக் கத்தவிடவேண்டும். சத்தம் வரும் திசை வழி. தட்டுகிற சத்தம் நெருக்கமாக வந்தால் வேகம், இடைவெளி விட்டு வந்தால் நிதானம். சத்தமே இல்லாமல் இரண்டு மூச்சு போனால் அவள் பிரேக் பிடிக்கவேண்டும். ஏற்றத்தில் நான் நிறுத்தாமல் மிதிக்கவேண்டியிருப்பதால் ஹப் வாயை மூடிக்கொள்ளும். அங்கே மட்டும் நான் வாயைத் திறந்து பேசிக்கொண்டே போகவேண்டும். நான்கு ஞாயிறுகளில் அவள் மைதானத்தைச் சுற்றி என் பின்னால் ஒட்டிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டாள்.

சுங்கதகட்டேவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடியோடு ஊர்வலம் போனதால் சற்று நேரம் நின்றோம். தாவரேகெரேயில் இட்லி, வடை. டீ மூன்று ரூபாய். அந்தோணி அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“நான் வேணாம்னு சொல்லல. ஒரு ரவுண்டு ஓட்டினோம், போட்டோ எடுத்தோம், வந்தோம்னு இருக்கணும். அணைக்கட்டு வரைக்கும் எதுக்கு?”

“போட்டோல நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே தெரியாது. எனக்கு எதுக்கு போட்டோ?” என்றாள் ஸ்டெல்லா.

“எப்பப் பாரு இந்த மாதிரி பேசி வாயை அடைச்சிடுவா” என்று என்னிடம் முறையிட்டார் அவர்.

எட்டரை மணிக்கு சாவனதுர்கா. கோயில் பக்கம் நாலைந்து கடைகள். வெள்ளரிக்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தடவி விற்கும் ஒரு அம்மா, டீயும் போட்டுக்கொண்டிருந்தார். பாறையின் தலையில் இன்னும் பனி இருந்தது. சைக்கிள்களை இறக்கினோம். நான் என்னுடையதைத் தள்ளிக்கொண்டு நாலடி நடந்தேன்.

சத்தம் வரவில்லை.

மறுபடி தள்ளினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடியது சக்கரம். ஏறி மிதித்தால் ஒரு தடவை பிடித்தது, ஒரு தடவை கால் வெறுமனே கீழே இறங்கியது. அப்பாவின் காலைச் சிரிப்பு எனக்குப் புரிந்துவிட்டது. செல்போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது.

“அப்பா, சைக்கிளை என்ன பண்ணீங்க?”

“பாத்துட்டியா!” அப்பாவின் குரலில் அப்படியொரு சந்தோஷம். “நேத்து சாயந்திரம் பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சேன். உள்ள எண்ணெய்ப் பசையே இல்லம்மா, அதான் அந்தக் கத்து கத்தியிருக்கு. லாரி பேரிங்குக்கு வெக்கிற கிரீஸை நல்லா அடைச்சு வெச்சிருக்கேன். இனி பத்து வருஷம் ஆனாலும் வாயைத் திறக்காது. இப்ப எப்படி இருக்கு?”

அப்பா அடுகோடியில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். சத்தம் போடும் மெஷின் நோயாளி மெஷின் என்பது அவர்கள் பட்டறையின் வேதம். வலியில் கத்துகிற ஒன்றின் மேல் மகள் தினமும் ஏறிப் போகிறாள் என்று இத்தனை மாதமும் அவர் கவலைப்பட்டிருக்கிறார். ஸ்டெல்லா என்னோடு வருவது அவருக்குத் தெரியும். எதைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

“ரொம்ப நல்லா இருக்குப்பா” என்றேன். 

அந்தோணி அண்ணனுக்கு விஷயம் புரிந்ததும், இவ்வளவுதானா என்று முகம் தெளிந்தது. “சரி விடு. பெல் அடிச்சிட்டே போயேன்.”

“பெல்லு எங்க இருக்கான்னு சொல்லும். எவ்ளோ வேகமா போறான்னு சொல்லாது” என்றாள் ஸ்டெல்லா.

வெள்ளரிக்காய் அம்மா கன்னடத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஒரு காலி பிஸ்கட் டப்பாவைக் கொடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு போகச் சொன்னார். கட்டினேன். பத்தடிக்குள் டப்பா சக்கரத்தில் மாட்டிக் கயிறு அறுந்தது. கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், இங்கிலீஷ் படத்தில் டப்பா கட்டி ஓட்டுகிற கல்யாணக் காரா இது என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு போனது.

“ஏத்திடலாம்” என்றார் அண்ணன். “அம்மாகிட்ட வண்டி ரிப்பேர்னு சொல்லிக்கலாம். நீ விழுந்ததாவும் ஆகாது, இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

இன்னொரு நாள் வராது என்று மூன்று பேருக்கும் தெரியும். அவளுடைய அம்மா இன்னொரு தடவை சம்மதிக்க மாட்டார். அதுவரை கண் காத்திருக்குமா என்பதையும் யாரும் சொல்லமுடியாது.

ஸ்டெல்லா என் சைக்கிளைக் கையால் தடவிக்கொண்டே பின்பக்கம் போய்க் குந்தினாள். ஹப்பிடம் காதை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினாள். “உள்ள இருக்குடி. சளி பிடிச்ச மாதிரி அடைச்சிருக்கு, அவ்ளோதான். சாகல.”

“மண்ணெண்ணெய் கிடைச்சா கழுவிடலாம்” என்றேன் நான்.

“மண்ணெண்ணெய் எதுக்கு, டீசல் இருக்கே” என்றார் அண்ணன். சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டது அவருக்கு உறைத்தது. ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு டெம்போ சீட்டுக்கு அடியிலிருந்த கேனை எடுத்து வந்தார்.

சக்கரத்தைக் கழற்றி, செயின் மாட்டும் பல்சக்கரம் மேலே இருக்கும்படி ஒரு கல்லின் மேல் படுக்கவைத்தோம். அதன் பின்புறம் நூல் நுழைகிற மாதிரி ஒரு இடுக்கு. டீசலை அதற்குள் எப்படி விடுவது? வெள்ளரிக்காய் அம்மாவின் காலிப் பால் பாக்கெட்டில் டீசலை ஊற்றி, என் ஊக்கால் மூலையில் ஒரு துளை போட்டேன். நான் சொட்டுச் சொட்டாக விட, அண்ணன் பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினார். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு கறுப்பும் தேன் நிறமுமாகக் கிரீஸ் கசிந்து வந்தது. துடைத்தோம், மறுபடி விட்டோம். மூன்றாவது பாக்கெட்டில் ‘க்ளக்’ என்று ஒரு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அண்ணன் வேகமாகச் சுற்ற ஆரம்பித்தார். சத்தம் வரவைத்தே தீருவது என்று அவருக்கும் பிடிவாதம் வந்துவிட்டது போல. கிளக் கிளக் என்று வந்து, ஒன்றையொன்று துரத்தி, திடீரென்று ‘கிர்ர்ர்ர்’ என்று கோயில் மதில் வரை கேட்கும்படி கத்தியது ஹப். முன்பைவிட அதிகம். மதிலிலிருந்த குரங்கு இரண்டு தாவி ஓடின.

“அப்பா கையால மருந்து சாப்பிட்டும் பிழைச்சிருச்சு பாரு” என்றாள் ஸ்டெல்லா.

பத்தேகாலுக்குக் கிளம்பினோம். முன்னால் நான், ஐந்தடி விட்டு ஸ்டெல்லா, பின்னால் டெம்போ. நூறடி போவதற்குள் ஸ்டெல்லா பிரேக் பிடித்து நின்றுவிட்டாள்.

“அண்ணா! நீ கிட்ட வந்தா உன் இன்ஜின்தான் கேக்குது. அவ கேக்கல. தள்ளி வா!”

“தள்ளி வந்தா நீ விழுந்தா எப்படிப் பிடிக்கிறது?”

“டெம்போவால பிடிக்கப் போறியா?”

அவர் தள்ளித்தான் வந்தார். எங்கள் முதுகு மட்டும் தெரிகிற தூரம். அவ்வளவு தூரம் விட்டு வருவது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்புறம்தான் தோன்றியது.

சாலை ஒரு டெம்போ அகலம். இரண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர், நடுநடுவே அறுவடை முடிந்த ராகி வயல், வீடு மாதிரி குவித்த வைக்கோல் போர். மைதானத்தில் சத்தம் நாலா பக்கமும் சிதறும். இங்கே புதர் இரண்டு பக்கமும் சுவராக நின்று சத்தத்தைச் சாலைக்குள்ளேயே வைத்திருந்தது. ஸ்டெல்லாவின் டயர் என் பின்னால் சீராக வருவது எனக்குக் கேட்டது. நான் மிதித்தால் அமைதி. நிறுத்தினால் கிர்ர்ர். வளைவில் இழுத்துக் கத்தவைத்தேன். ஏற்றத்தில் எங்கள் மேனேஜரைப் பற்றி மூச்சு வாங்கிக்கொண்டே கதை சொன்னேன். பாதிக் கதையில் இறக்கம் வந்துவிட்டால் ஹப் எடுத்துக்கொள்ளும்.

ஓர் ஊருக்கு முன்னால் சாலை முழுக்கக் கொள்ளுச்செடியைக் காயப்போட்டிருந்தார்கள். போகிற வண்டிகள் மிதித்தே அவர்களுக்குக் கொள்ளை உதிர்த்துக் கொடுத்துவிடும். அதன் மேல் ஏறியதும் ஹப் சத்தம் கம்மி, கீழே நறநறவென்று புதுச் சத்தம்.

“என்னடி இது, மெத்தை மேல போற மாதிரி இருக்கு?”

“கொள்ளு. நேரா பிடி. பிரேக் மட்டும் போடாதே.”

“போடல, போடல, போடல” என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே தாண்டிவிட்டாள். ஓரத்தில் முறத்தோடு நின்ற பெண்கள், நாங்கள் அவர்களுக்கு இலவசமாகப் போரடித்துக் கொடுத்ததற்குக் கையசைத்தார்கள். கையசைக்கிறார்கள் என்று சொன்னேன். ஸ்டெல்லா ஹாண்டிலிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் பெரிதாக ஆட்டினாள்.

கடைசி இறக்கம். மரங்கள் விலகி, கீழே மஞ்சனபெலெத் தண்ணீர் வெயிலில் தகதகவென்று விரிந்தது. நின்றேன். அவளும் நின்றாள்.

“அங்க வெள்ளையா பெருசா இருக்கே, தண்ணியா?”

“ஆமா.”

“ரோடும் வெளிர்னு தெரியுது. ரெண்டு பக்கம் கறுப்பு, நடுவுல வெளிர்.” பெடலைத் தேடிக் காலை வைத்தாள். “செல்வி, இப்ப நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா.”

“பின்னாடி வந்தா நான் எதுக்குடி?”

“சத்தம் போடறதுக்கு. நீ இருக்கேன்னு தெரிஞ்சா போதும்.”

போனாள். நான் பெடலைத் தொடவே இல்லை. இறக்கம் முழுக்க ஹப்பைக் கத்தவிட்டுக்கொண்டே அவள் பின்னால் போனேன். அவளுடைய துப்பட்டா முடிச்சு அவிழ்ந்து காற்றில் அடித்தது. அவள் வாய் விட்டுக் கத்தினாள். வார்த்தை இல்லை, வெறும் கத்தல். அரை கிலோமீட்டருக்குக் குறையாது. யாருடைய சத்தத்தையும் பின்தொடராமல் தன் சொந்த வெளிச்சத்தில் போனாள். கடைசி வளைவில் சாலை திரும்பியது, அவள் திரும்பவில்லை. நேராக உண்ணிச்செடிக்குள் போய்ச் சேர்ந்தாள்.

டெம்போ கதவு அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. அண்ணன் ஓடி வந்தார். ஸ்டெல்லா புதருக்குள் மல்லாந்து கிடந்தாள். தலையெல்லாம் ஆரஞ்சுப் பூ. முழங்கையில் சிராய்ப்பு. சிரித்துக்கொண்டிருந்தாள், பிறகு அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினாள். ஒரு தடவை விழுந்தால் அவ்வளவுதான் என்பது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

அவர் அவளைத் தூக்கி நிறுத்தினார். கை, கால், முகம் எல்லாம் பார்த்தார். அவளுடைய சைக்கிளைப் புதரிலிருந்து இழுத்து, ஹாண்டிலை நேராக்கினார். அதைக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றிக் கட்டப்போகிறார் என்று நினைத்தேன். சாலை நடுவில் நிறுத்தி, தானே ஏறி உட்கார்ந்தார்.

“ஏம்மா செல்வி. முன்னாடி போ.”

புரியாமல் போனேன். நாலு மிதி, நிறுத்தினேன், கிர்ர்ர். திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பத்தடி வந்திருப்பார். கால் தரையில் இறங்கிவிட்டது. மறுபடி ஏறினார். மறுபடி எட்டடியில் கால்.

“கண்ணை மூடினா கால் தானா கீழ போகுதே!”

“எனக்கும்தான் போகுது. போக விடறதில்ல” என்றாள் ஸ்டெல்லா, தலையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டே.

அணைக்கட்டுக் கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். தண்ணீரில் இறங்கவேண்டாம் என்று பலகை வைத்திருந்தார்கள். நான் நீலசந்திராவை நினைத்துக்கொண்டேன். அங்கே பிரஷர் குக்கர், மைக் செட், ஆட்டோ, எதிர்வீட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் நடுவில் என் ஹப்பும் இன்னொரு தொந்தரவுதான். அங்கே அதைப் பிடித்துக்கொண்டு யாரும் பத்தடிகூடப் போகமுடியாது. இங்கே அந்த ஒரு சத்தத்தின் பின்னால் ஒருத்தி பன்னிரண்டு கிலோமீட்டர் வந்திருக்கிறாள். மௌனக் கட்சிக்காரர்கள் தேடுகிற அமைதி எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அது இருந்ததால்தான் என் சைக்கிள் பேசியது கேட்டது.

ஒன்றரை மணிக்கு சைக்கிள்களை ஏற்றினோம். அண்ணன் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டிக்குள் ஏறினார். ஸ்டெல்லா நடுவில், கைக்குட்டை சுற்றிய முழங்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவியைப் போட்டவர் உடனே திருப்பவில்லை.

“வீட்டுக்குப் போனதும் அம்மா முதல்ல கையைத்தான் பாப்பாங்க” என்றார்.

“தெரியும்.”

“விழுந்ததை நான் சொல்லிக்கிறேன். ஓட்டினதை நீ சொல்லு.”